ஆண்டாளம்மா மகன்

தமிழ் சினிமாவில் ஹாக்கி மட்டை பந்தை அடித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சமீபத்தில் வந்த ஒன்றிரண்டு படங்களை விட்டுவிடுங்கள். மற்றபடி காலேஜில் கலாட்டா என்றால் எங்கிருந்தோ பத்துப் பேர் ஹாக்கி மட்டையோடு ஓடி வருவார்கள். பிரின்ஸிபால் ரூம் கண்ணாடி, எதிர் கோஷ்டியின் முழங்கால், ஹீரோவின் முதுகு என்று சகலமும் அடிபடும். பந்து மட்டும் தப்பித்துவிடும்!

இப்படியே பார்த்துப் பழகியதால்தான், பேரன் ஹாக்கி விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகிவிட்டான் என்று சொன்னதும் என் தங்கச்சி, "நமக்கெதுக்குண்ணே இந்த அடிதடி எல்லாம்?" என்று கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் இருப்பது ராஜபாளையம். தங்கச்சி வாக்கப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு செல்லச் சண்டை எப்போதும் உண்டு. "உங்க ஊர்ல என்ன இருக்கு, நாயைத் தவிர?" என்பார்கள் அவர்கள். "உங்க கோபுரத்தைத்தான் கவர்ன்மென்ட் முத்திரையில போட்டாச்சே, கூடவே ஒரு கிலோ பால்கோவாவையும் வரையச் சொல்றதுதானே?" என்போம் நாங்கள். எங்கள் சப்பட்டை மாம்பழ சீஸனில் மட்டும் தற்காலிகப் போர் நிறுத்தம்.

தங்கச்சி மகளுக்கு ஒரே பையன். பதினாலு வயசு. அவன் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக ஒரு பால்கோவா கடை வைத்திருக்கிறார். விடிகாலையில் பால் வந்து இறங்கினால் ராத்திரிவரை அடுப்புதான், வாணலிதான், கரண்டிதான். பையனோ விடிகாலையில் கிரவுண்டு, நடுவில் பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடி கிரவுண்டு. போன வருஷம் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தபோது யாரிடமும் பெரிதாகச் சொல்லாமல் போய் ஓடிக் காட்டிவிட்டு வந்துவிட்டான். செலக்‌ஷன் ஆகிவிட்டது. பத்து நாளில் வந்து சேர வேண்டும். வெளியூர். அங்கேயே தங்கிப் படிக்கணும், அங்கேயே ஆடணும்.

வீடு மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டது. பையன், "போறேன்" கட்சி. அப்பா, "கூடாது" கட்சி. பாட்டி, "எதுக்கும் ஜாதகத்தைப் பார்த்துருவோம்" கட்சி. பையனின் அம்மா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. வாய் திறக்காமல் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். தீர்ப்புச் சொல்ல ராஜபாளையத்திலிருந்து நான் வரவழைக்கப்பட்டேன்.

நான் ஏன் என்றால், குடும்பத்தில் ஹாக்கி மட்டையைத் தொட்ட ஒரே ஆசாமி நான்தான். 1970-களில் பள்ளிக்கூடத்தில் ஆடியவன். ஆடினேன் என்றவுடன் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் டீமில் பதினொரு பேருக்கு அசல் மட்டை மூன்றுதான். அது மூன்றும் முன்னால் ஆடுகிறவர்களுக்கு. நான் பின்னால் நிற்கிற ஃபுல்பேக். வளைந்த கருவேலங் கிளையாகப் பார்த்து வெட்டிச் செதுக்கிக்கொண்டு போவேன். அதற்கு அத்தாட்சியாக இடது முழங்காலுக்குக் கீழே ஒரு பள்ளம் இன்னமும் இருக்கிறது. பக்கத்து சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து ஊர் ஊராக அனுப்புகிறார்களே, அந்தத் தொழில் வளர நான் செய்த சிறு தொண்டு!

அப்புறம் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். முப்பத்து நாலு வருஷம். யார் எத்தனை மணிக்கு கேட்டுக்குள் வந்தார், எத்தனை ஷிப்ட் பார்த்தார், எத்தனை நாள் லீவு என்று எண்ணி எண்ணி எழுதுவதுதான் வேலை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

மாப்பிள்ளை ஆரம்பித்தார். "மாமா, கிரிக்கெட்னாக்கூடப் போனாப் போவுதுன்னு விட்டுரலாம். ஹாக்கி ஆடி யாரு மாமா உருப்பட்டிருக்கா? ஒரே ஒரு பேரு சொல்லுங்க."

"தன்ராஜ் பிள்ளை" என்றேன்.

"யாரு, சங்கரன்கோவில்ல ஜவுளிக் கடை வெச்சிருக்காரே, அவரா?"

அப்போதுதான் முடிவு பண்ணினேன், முழுக் கதையையும் சொல்லிவிடுவதென்று. இனிப்புக் கடைக்காரர் வீடு என்பதற்காக இனிப்பை மட்டும் சொல்லிவிட்டு வரக் கூடாது. பிள்ளையை அனுப்பப் போகிறவர்களுக்குக் கசப்பும் தெரிய வேண்டும்.

* * *

புனாவை ஒட்டி கட்கி என்று ஓர் ஊர். அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலை. தொழிலாளர் குடியிருப்பு. அந்தக் குடியிருப்பில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை நாகலிங்கம் பிள்ளைக்கு. தமிழ்க் குடும்பம். மனைவி பெயர் ஆண்டாளம்மா.

தங்கச்சி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆண்டாளம்மாவா? அப்ப நம்ம ஊருதான்!"

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களே இப்படித்தான். உலகத்தில் எந்த மூலையில் ஆண்டாள் என்று பேர் கேட்டாலும், ரேஷன் கார்டைக்கூடக் கேட்காமல் சொந்தம் கொண்டாடிவிடுவார்கள். "தமிழ்க் குடும்பம் என்பது வரைக்கும்தான் என் உத்தரவாதம்" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே! அந்த நிமிஷத்திலிருந்து தன்ராஜ் எங்கள் வீட்டில் 'ஆண்டாளம்மா மகன்' ஆகிவிட்டார். ஜாதகக் கட்சியும் அப்போதே கலைந்துவிட்டது.

1968 ஜூலை 16-ம் தேதி பிறந்தவர். ஐந்து பையன்களில் நாலாவது. கிரவுண்டைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கிறவர் சம்பளத்தில் ஐந்து பையன்களுக்கு ஹாக்கி மட்டை வாங்க முடியுமா? மற்றவர்கள் உடைத்துப் போட்ட மட்டை, வேண்டாமென்று தூக்கிப் போட்ட பந்து. இதை வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டுப் பிள்ளைகள் மண் தரையில் ஆடினார்கள். 'விளையாட்டு சோறு போடுமா?' என்று ஆண்டாளம்மா தடுக்கவில்லை. இல்லாத வீட்டிலும் ஆட விட்டார்.

மண் தரையில் ஆடுவதில் ஒரு விசேஷம் உண்டு. பந்து நேராக வராது. கல் பட்டால் துள்ளும், குழியில் விழுந்தால் திரும்பும். ஆகவே கண்ணும் கையும் பந்தோடு ஒட்டிக்கொண்டே பழகிவிடும். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு காலத்தில் உலகத்தையே ஆட்டி வைத்தது இந்தக் கை சாமர்த்தியத்தால்தான். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. பந்து வழுக்கிக்கொண்டு பறக்க ஆரம்பித்தது. ஓடுகிற வேகமும் உடம்பின் பலமும்தான் இனி முக்கியம் என்றாயிற்று. அந்தத் தரையைப் போட நம் ஊர்களில் காசு இல்லை. பையன்கள் மண்ணில் கற்றுக்கொண்டு போய் பிளாஸ்டிக்கில் பரீட்சை எழுதினார்கள்.

ஆண்டாளம்மா மகன் இந்தப் பரீட்சையில் பாஸானதற்குக் காரணம் அவர் கால். பறக்கிற முடியும் முன்னால் நீட்டிய மட்டையுமாக அவர் ஓட ஆரம்பித்தால் எதிர் டீம்காரர்களுக்கு முதுகுதான் தெரியும். 1980-களின் நடுவில் பம்பாய்க்குப் போனார். அண்ணன் ரமேஷ் அங்கே ஆர்.சி.எஃப். உரக் கம்பெனி டீமில் ஆடிக்கொண்டிருந்தார். அவரும் இந்தியாவுக்கு ஆடியவர்தான். அண்ணன் நிழலில் பழகி, மஹிந்திரா அண்ட் மஹிந்திரா டீமில் இடம் பிடித்து, அப்புறம் இந்தியன் ஏர்லைன்ஸ். அந்தக் காலத்தில் விளையாட்டுக்காரனுக்குக் கம்பெனிகள்தான் அன்னதாதா. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு கிரவுண்டுக்குப் போகலாம். ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும்.

1989-ல் டில்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக முதல் ஆட்டம். கடைசி ஆட்டம் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில். இடையில் நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை, நாலு சாம்பியன்ஸ் டிராஃபி, நாலு ஏஷியாட். மொத்தம் 339 ஆட்டம். டைம் ஆபீஸ் பாஷையில் சொன்னால், பதினைந்து வருஷம் மஸ்டர் ரோலில் பேர் இருந்திருக்கிறது.

"எத்தனை கோல் மாமா?" என்றார் மாப்பிள்ளை. வியாபாரி இல்லையா? சரக்கு எவ்வளவு என்று கேட்காமல் விடுவாரா?

இங்கேதான் எனக்கு எப்போதும் வயிறு எரியும். 170 என்று சொல்வார்கள். அதுவும் உத்தேசம். இந்திய ஹாக்கி சம்மேளனம் யார் எத்தனை கோல் போட்டார் என்று முறையாகக் கணக்கே வைக்கவில்லை! எங்கள் மில்லில் ஒரு பையன் ஷிப்டில் எத்தனை தடவை டீ குடிக்க வெளியே போனான் என்பதற்குக்கூட நோட்டு இருந்தது ஸார். நாட்டுக்காகப் பதினைந்து வருஷம் ஓடியவன் போட்ட கோலை எண்ண ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைக்கவில்லை!

* * *

எண்ணிக்கை என்றால் என்ன என்று நான் பார்த்தது வேல்ஸில்.

என் மகன் கொஞ்ச காலம் அங்கே கார்டிஃப் நகரத்தில் வேலை பார்த்தான். மருமகள் பிரசவத்துக்காக நானும் சம்சாரமும் போயிருந்தோம். குளிருக்குப் பயந்து ஒரு நாள் ஷாப்பிங் சென்டருக்குள் ஒதுங்கினோம். நட்டநடுவில் ஒரு வெண்கலச் சிலை. நம் ஊர் வழக்கப்படி யாரோ மந்திரி என்று நினைத்து மரியாதையாக நின்றேன். பார்த்தால், அரை டிராயர் போட்டுக்கொண்டு பந்தோடு குனிந்து நிற்கிறார் மனுஷர். கேரத் எட்வர்ட்ஸ். ரக்பி ஆட்டக்காரர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன்.

ரக்பி என்றால், கபடியில் பந்தைக் கொடுத்து, சேற்றில் இறக்கி, அடிதடி வழக்கு வராது என்று உத்தரவாதமும் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. வேல்ஸ் சின்ன நாடு. சுரங்கமும் சர்ச்சும் ரக்பியும்தான் அவர்கள் வாழ்க்கையாக இருந்தது. ஆறு நாள் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் தங்கள் பையன்கள் இங்கிலாந்துக்காரனைத் தூக்கிப் போடுவதைப் பார்த்து மூச்சு விட்டுக்கொள்வார்கள்.

இந்த எட்வர்ட்ஸ் 1967-லிருந்து 1978 வரை வேல்ஸுக்கு ஆடிய ஆட்டம் 53. ஒன்றுகூட விடாமல் தொடர்ச்சியாக 53! இருபது வயதில் கேப்டன். கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தை வைத்தது இருபது தடவை. இதையெல்லாம் நான் பெரிய லைப்ரரியில் தேடவில்லை. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர், காபியை ஆற்றிக்கொண்டே ஒப்பித்தார்.

அங்கே நாட்டுக்காக ஆடினால் நிஜமாகவே ஒரு குல்லா கொடுப்பார்களாம். ஒருவர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதையே 'எத்தனை குல்லா' என்றுதான் சொல்கிறார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் ஆட்டக்காரனுக்குக் குல்லா கொடுக்கிறார்கள். நம் ஊரில் ஆட்டக்காரனுக்குக் குல்லா போடுகிறார்கள்!

ஆனால் அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. எட்வர்ட்ஸ் ஓய்வு பெற்றதும் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். அதற்குப் பணம் வாங்கினார். அவ்வளவுதான். "காசு வாங்கியவன் அமெச்சூர் கிடையாது" என்று ரக்பி பக்கமே வரக் கூடாதென்று ஒதுக்கிவிட்டார்கள். சொல்லிக்கொடுக்கக்கூட அனுமதி இல்லை. அந்தச் சட்டம் மாற வருஷக்கணக்கில் ஆயிற்று. 2015-ல் ராஜாங்கத்தார் 'ஸர்' பட்டம் கொடுத்தார்கள்.

ஆக, விளையாட்டுக்காரன் வேர்க்கலாம், விழலாம், எலும்பை முறித்துக்கொள்ளலாம். வாயைத் திறந்து காசு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. இது கார்டிஃபிலும் அப்படித்தான், டில்லியிலும் அப்படித்தான்.

* * *

ஆண்டாளம்மா மகன் வாயைத் திறந்தவர். அதுதான் கதையின் அடுத்த பாதி.

1998 டிசம்பர். பாங்காக் ஏஷியாட். கேப்டன் தன்ராஜ். ஃபைனலில் தென் கொரியா. ஆட்டம் சமன். டை-பிரேக்கரில் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் மலை மாதிரி நின்றார். தங்கம்! ஏஷியாட் ஹாக்கியில் 1966-க்கு அப்புறம் 32 வருஷம் கழித்துத் தங்கம். எனக்கு அன்றைக்கு நைட் ஷிப்ட். மறுநாள் காலை பேப்பரில் பார்த்துவிட்டு டீக்கடையில் நாலு பேருக்கு என் செலவில் டீ சொன்னேன். டைம் ஆபீஸ் கிளார்க் டீ வாங்கிக் கொடுத்தது எங்கள் மில் சரித்திரத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஊர் திரும்பிய கொஞ்ச நாளிலேயே அடுத்த டீம் லிஸ்ட் வந்தது. ஜெயித்த கேப்டன் பேரே இல்லை. கூடவே இன்னும் சில சீனியர்களும் இல்லை. 'ஓய்வு கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். ஆட்டக்காரர்களுக்குச் சேர வேண்டிய பணம் பற்றி அவர் பேசியதுதான் காரணம் என்று ஊரே சொன்னது. மில்லில் ஒருத்தருக்கு 'ஓய்வு கொடுத்திருக்கிறோம்' என்றால் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது என்று அர்த்தம். பேப்பரைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் மனுஷர் திரும்பி வந்தார். கேல் ரத்னா விருது வந்தது. 2001-ல் பத்மஸ்ரீ வந்தது. 2002-ல் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் நடந்த சாம்பியன்ஸ் டிராஃபியில் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். வயசு 34! 2003-ல் கோலாலம்பூரில் அவர் கேப்டனாக இருந்து ஆசியக் கோப்பையை வாங்கித் தந்தார். ஃபைனலில் தோற்றது யார் என்று நினைக்கிறீர்கள்? பாகிஸ்தான்.

"ஒலிம்பிக் மெடல்?" என்றார் மாப்பிள்ளை. விட மாட்டார் போலிருக்கிறது.

சொன்னேன். பார்ஸிலோனா 1992, ஏழாவது இடம். அட்லாண்டா 1996, எட்டாவது இடம். சிட்னி 2000, ஏழாவது. ஏதென்ஸ் 2004, ஏழாவது.

இதில் சிட்னியை மட்டும் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. போலந்தை ஜெயித்தால் செமி ஃபைனல். ஒரு கோல் முன்னால் நிற்கிறோம். வீட்டில் டி.வி. முன்னால் நான். இன்னும் இரண்டு நிமிஷம்கூட முழுசாக இல்லை. என் சம்சாரம் சாமி படத்துக்கு முன்னால் சூடம் எடுத்து வைத்துவிட்டாள். போலந்துக்காரன் ஒரு கோல் போட்டான். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் டிரா. கதவு சாத்தியாகிவிட்டது. தன்ராஜ் அழுதார். எங்கள் வீட்டில் அன்றைக்கு ராத்திரி அடுப்பு பற்ற வைக்கவில்லை. சூடம் அப்படியே இருந்தது.

ஏதென்ஸுக்கு அவரை அழைத்துப் போகலாமா வேண்டாமா என்று ஒரே தகராறு. 36 வயசு. கடைசியில் அழைத்துப் போனார்கள். கடைசி ஆட்டம், ஏழாவது இடம் யாருக்கு என்பதற்காகக் கொரியாவோடு. இந்தியா ஜெயித்தது. ஆனால் நாலு ஒலிம்பிக் பார்த்த மனுஷர் அன்றைக்குக் களத்தில் நின்றது சில நிமிஷங்கள்தான். முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு ரிட்டையர்மென்ட் அன்றைக்கு மாலை வாங்கக்கூட நேரம் தராமல் கேட்டைச் சாத்தினால் எப்படி இருக்கும்?

அவர் வாழ்க்கை வரலாறு 2007-ல் இங்கிலீஷில் புத்தகமாக வந்தது. சந்தீப் மிஸ்ரா எழுதியது. தலைப்பு என்ன தெரியுமா? 'என்னை மன்னித்துவிடு அம்மா' என்று அர்த்தம். புத்தகம் இங்கிலீஷ், ஆனால் தலைப்பில் அந்த 'அம்மா' மட்டும் தமிழ்.

அதுவரை அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த தங்கச்சி மகள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"மாமா, அந்த அம்மா சந்தோஷமா இருந்தாங்களா?"

கூடத்தில் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளைகூட. கோலைப் பற்றிக் கேட்டார்கள், மெடலைப் பற்றிக் கேட்டார்கள், அதற்கெல்லாம் பதில் இருந்தது. இதற்கு என்ன சொல்வது?

"மெடல் வாங்கலேன்னு அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பிள்ளையை வளர்த்தவங்கம்மா. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, பரண் மேலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

* * *

மாப்பிள்ளை லேசில் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். இரண்டு நாள் பேசினோம். அவர் கவலையில் நியாயம் இருந்தது. 339 ஆட்டம் ஆடியவருக்கே இந்தக் கதி என்றால், மூன்று ஆட்டத்தில் முட்டி போய் வீட்டுக்கு வருகிறவன் கதி? அப்படி வந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்கும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்று ஆடியவர்களில் ஒருவர், அந்த மூன்று அசல் மட்டையில் ஒன்று அவரிடம்தான் இருந்தது, காலம் முழுக்க லாரி ஆபீஸில் மூட்டை எண்ணினார்.

கடைசியில் நிபந்தனைகளோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்தாம் வகுப்பு ஒழுங்காக எழுதணும். கணக்கில் அறுபதுக்குக் குறையக் கூடாது. முட்டி போனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிடணும், யாரும் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்லக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை மாப்பிள்ளைக்கு.

பையன் போனான். போகும்போது அவன் அப்பா ஐந்து கிலோ பால்கோவா கட்டிக் கொடுத்தார், "ரூம்ல எல்லாருக்கும் குடு. கோச்சுக்குத் தனி டப்பா" என்று. எதிர்க்கட்சி ஆளும் கட்சியானால் இப்படித்தான்!

2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது அல்லவா? குடும்பத்தோடு மதுரைக்குப் பஸ் ஏறினோம். தங்கச்சி மகள் பந்தை அடிக்கிற ஹாக்கியை முதன்முதலில் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். ஆட்டத்துக்கு முன்னால் தரைக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். பந்து வழுக்கி ஓடுவதற்காக. "எத்தனை குடம் இருக்கும்!" என்று தங்கச்சி வாயைப் பிளந்தாள். குடிதண்ணீர் குழாயில் என்றைக்கு வரும் என்று காத்திருந்து பிடிக்கிறவளுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

ஆட்டம் முழுக்கத் தங்கச்சி மகள் பந்தைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். பந்து இல்லாத பக்கத்தில் நிற்கிற பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் புள்ளைங்க அம்மா எல்லாம் வந்திருப்பாங்களா மாமா?" என்றாள். எல்லோர் அம்மாவும் எப்படி வருவார்கள்? எத்தனையோ தேசத்துப் பிள்ளைகள். "டி.வி.யில பார்ப்பாங்க" என்றேன்.

திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் நிறுத்தச் சொல்லி, லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கினாள். 192 பக்கம். அட்டை போட்டது.

"எதுக்கும்மா?"

"அந்த அண்ணன் போட்ட கோலை யாரும் எண்ணலேன்னு சொன்னீங்கள்ல? கோடு போட்டுக் குடுங்க மாமா. உங்களுக்குத்தான் ஆபீஸ் நோட்டு மாதிரி போடத் தெரியும்."

போட்டுக் கொடுத்தேன். தேதி, ஊர், எதிர் டீம், எத்தனை நிமிஷம் ஆடினான், கோல், அடி பட்டதா, கடைசிக் கட்டத்தில் 'விவரம்'. முப்பத்து நாலு வருஷ அனுபவத்தில் இவ்வளவு கவனமாக நான் எந்த ரிஜிஸ்டருக்கும் கோடு போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பையன் போன் பண்ணுவான். அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுதுவாள். போன வாரம் புரட்டிப் பார்த்தேன். பதினெட்டு ஆட்டம். ஆறு கோல். பிராக்டிஸ் மேட்ச் கோல் கணக்கில் சேராது என்று நான் அடித்துத் திருத்தப் போனேன். நோட்டைப் பிடுங்கிக்கொண்டுவிட்டாள்.

தோற்ற ஆட்டங்களும் விடாமல் எழுதியிருந்தன. ஒரு வரியில் கோல் கட்டத்தில் பூஜ்யம். நிமிஷக் கட்டத்தில் நாலு. பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. 'விவரம்' கட்டத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது:

"நல்லா ஓடினானாம்."